மதுரையிலிருந்து தில்லிச் சுற்றுலா

மதுரையிலிருந்து தில்லிச் சுற்றுலா என்பது மதுரை, உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர் முதலிய ஊர்களைச் சேர்ந்தோர் இந்தியாவின் தலைநகரான புது தில்லியையும், அதனை ஒட்டிய பழைய தில்லி, மெகரௌலி ஆகிய பகுதிகளையும் காணும்பொருட்டு மேற்கொள்ளும் விடுமுறைப் பயணத்தைக் குறிக்கும். மதுரைக்கும் தில்லிக்கும் இடையே நேரடித் தொடர்வண்டியில் பயணம் செய்ய ஒருவழிக்கு 40 மணிநேரத்துக்கு மேல் ஆகிறது. ஆகவே ஒன்பது நாள் விடுமுறையில் ஏறத்தாழ நான்கு நாட்கள் வண்டியிலேயே கழிகின்றன. எஞ்சும் ஐந்து நாட்களில் எதனைக் காண்பது, எதனை விடுவது என்பதே இச்சுற்றுலாவைத் திட்டமிடுவதன் மையமாகும்.

பொதுவாக இவ்வகைப் பயணங்களில் காணவேண்டிய இடங்களின் பட்டியல் முதலில் தயாரிக்கப்படுகிறது. ஆனால் பயணத்தின் பயனைத் தீர்மானிப்பவை பருவம், கிழமை, பகுதி ஆகிய மூன்றே. தவறான பருவத்தில் செல்வோர் வெப்பத்தாலோ மூடுபனியாலோ நாட்களை இழக்கின்றனர். கிழமை பாராது செல்வோர் மூடிய வாயில்களைக் காண்கின்றனர். பகுதி பிரிக்காது செல்வோர் பெரும்பொழுதைச் சாலையில் செலவிடுகின்றனர்.

பின்னணி

1911 டிசம்பர் 12 அன்று நடைபெற்ற தில்லி தர்பாரில் பிரித்தானிய இந்தியாவின் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றும் முடிவு அறிவிக்கப்பட்டது. எட்வின் லுட்யன்சு, எர்பர்ட் பேக்கர் ஆகிய கட்டடக் கலைஞர்களின் வடிவமைப்பில் எழுந்த புது தில்லி 1931 இல் முறைப்படி திறந்து வைக்கப்பட்டது. அரசு அலுவலகங்களில் பணிபுரியச் சென்னை மாகாணத்திலிருந்து சென்ற தமிழர்கள் அங்குக் குடியேறினர். அவர்களைக் காணச் சென்ற உறவினர்களின் பயணங்களும் பின்னாளைய தில்லிச் சுற்றுலாவுக்கு வழிவகுத்தன.

1929 இல் ஓடத் தொடங்கிய கிராண்ட் டிரங்க் விரைவுவண்டியும், 1976 இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு விரைவுவண்டியும் சென்னையைத் தில்லியுடன் இணைக்கும் முதன்மை வண்டிகளாக விளங்கின. மதுரை - சென்னைத் தடம் மீட்டர் பாதையாக இருந்த காலத்தில் தென்மாவட்டப் பயணிகள் எழும்பூரில் இறங்கி, மூட்டை முடிச்சுகளுடன் சென்னை சென்ட்ரலுக்குச் சென்று வண்டி மாற வேண்டியிருந்தது. அகலப் பாதை அமைந்த பின்னரே மதுரை வழியாகத் தில்லிக்கு நேரடி வண்டிகள் இயக்கப்பட்டன.

பருவமும் பள்ளி விடுமுறையும்

தில்லியின் தட்பவெப்பநிலை மதுரைச் சமவெளியினின்றும் பெரிதும் மாறுபட்டது. மதுரையில் ஆண்டு முழுதும் வெம்மை நிலவுகிறது. கடுங்குளிர் இல்லை. தில்லியிலோ கோடை, குளிர் ஆகிய இரண்டும் கடுமையானவை. தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறைகளுடன் ஒப்பிட்டால் பருவநிலை பின்வருமாறு அமைகிறது.

* கோடை விடுமுறை (ஏப்ரல் இறுதி முதல் ஜூன் தொடக்கம் வரை): தில்லியில் பகல் வெப்பம் 40 பாகையைத் தாண்டும் காலம். மேற்கிலிருந்து வீசும் "லூ" எனப்படும் அனல்காற்று உடலின் நீரை விரைந்து வற்றச் செய்யும். செங்கோட்டை, குதுப் மினார் போன்ற திறந்தவெளி இடங்களில் முற்பகல் 11 மணிக்குப் பின் முதியோரும் குழந்தைகளும் நடப்பது கடினம். நீண்ட விடுமுறை என்பதால் தமிழகக் குடும்பங்கள் மிகுதியும் இக்காலத்தையே தேர்ந்தெடுக்கின்றன. வெயிலுக்குப் பழகியவர்கள் என்ற எண்ணத்தில் மதுரைப் பக்கத்தார் இவ்வெப்பத்தைக் குறைத்து மதிப்பிடுவதும் உண்டு.
* காலாண்டு விடுமுறை (செப்டம்பர் இறுதி, அக்டோபர் தொடக்கம்): பருவமழை விலகும் காலம். பகலில் மிதமான வெம்மையும் காலை மாலைகளில் இதமும் நிலவும். பள்ளிப் பிள்ளைகளுடன் செல்வோருக்கு மிகவும் ஏற்ற காலம் இதுவே.
* தீபாவளியை ஒட்டிய நாட்கள் (அக்டோபர் பிற்பகுதி, நவம்பர்): பஞ்சாப், அரியானா மாநிலங்களில் நெல் அறுவடைக்குப் பின் தாள் எரிக்கப்படுவதாலும், வாகனப் புகையாலும், பட்டாசுகளாலும், காற்றோட்டம் குன்றுவதாலும் காற்று மாசு மிகும். ஆஸ்துமா, இருதய நோய் உடையோர் தவிர்க்கவேண்டிய காலம்.
* அரையாண்டு விடுமுறை, பொங்கல் விடுமுறை (டிசம்பர் இறுதி முதல் ஜனவரி நடு வரை): இரவு வெப்பநிலை 10 பாகைக்கும் கீழே செல்லும். அடர்ந்த மூடுபனியால் வட இந்தியத் தொடர்வண்டிகளும் வானூர்திகளும் பல மணிநேரம் தாமதமாகும். கம்பளி உடைகள் இன்றியமையாதவை.
* பிப்ரவரி, மார்ச்: தட்பவெப்பம் மிக இனிமையானது. குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டம் பொதுமக்களுக்குத் திறக்கப்படும் காலமும் இதுவே. முன்னர் முகலாயத் தோட்டம் எனப்பட்ட இது 2023 ஜனவரியில் அமிர்த உத்தியான் எனப் பெயர் மாற்றப்பட்டது. தேர்வுக் காலமாதலால் பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு இக்காலம் பொருந்துவதில்லை. ஓய்வுபெற்றோருக்கு ஏற்றது.

குடியரசு நாளை (ஜனவரி 26) ஒட்டி அணிவகுப்பு ஒத்திகைகளின் பொருட்டு இந்தியா கேட் சுற்றுப்புறச் சாலைகள் பல நாட்கள் கட்டுப்படுத்தப்படுகின்றன. குடியரசு நாள், விடுதலை நாள் (ஆகஸ்ட் 15) ஆகியவற்றுக்கு முந்தைய நாட்களில் செங்கோட்டையும் பார்வையாளருக்கு மூடப்படுவது வழக்கம்.

பயணம்

தொடர்வண்டி

* தமிழ்நாடு சம்பர்க் கிராந்தி விரைவுவண்டி: மதுரையிலிருந்து அசரத் நிசாமுத்தீன் நிலையத்துக்கு வாரம் இருமுறை இயக்கப்படுகிறது.
* திருக்குறள் விரைவுவண்டி: கன்னியாகுமரியிலிருந்து மதுரை வழியாக அசரத் நிசாமுத்தீனுக்கு வாரம் இருமுறை செல்கிறது.
* தமிழ்நாடு விரைவுவண்டி, கிராண்ட் டிரங்க் விரைவுவண்டி: சென்னை சென்ட்ரலிலிருந்து நாள்தோறும் புறப்படுகின்றன. நேரடி வண்டிகளில் இடம் கிடைக்காதவர்களுக்கு இவை மாற்று வழியாகும்.

உசிலம்பட்டி மதுரைக்கு மேற்கே சுமார் 40 கி.மீ. தொலைவில், மதுரை - போடிநாயக்கனூர் இருப்புப்பாதையில் அமைந்துள்ளது. 2010 இன் இறுதியில் மீட்டர் பாதைச் சேவை நிறுத்தப்பட்டபின் இவ்வூர் பல ஆண்டுகள் தொடர்வண்டி இன்றி இருந்தது. அகலப் பாதைப் பணிக்குப் பின் 2022 மே மாதம் மதுரை - தேனி இடையே வண்டிகள் மீண்டும் ஓடத் தொடங்கின. 2023 ஜூன் முதல் போடிநாயக்கனூர் - சென்னை சென்ட்ரல் விரைவுவண்டி வாரம் மூன்று முறை இப்பாதையில் இயக்கப்படுகிறது. இவ்வண்டி காலையில் சென்னை சென்ட்ரலையே சென்றடைவதால், அதே நிலையத்திலிருந்து மாலையிலும் இரவிலும் புறப்படும் தில்லி வண்டிகளைப் பிடிக்க எழும்பூரிலிருந்து மாறிச்செல்ல வேண்டியதில்லை.

முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைக்கப்பட்டது. தில்லி வண்டிகளில் விடுமுறைக் காலத்துப் படுக்கை இடங்கள் விரைவில் நிரம்பிவிடுவதால், முன்பதிவு திறக்கும் நாளன்றே போக வர இரண்டுக்கும் பதிவு செய்தல் நன்று. திரும்பும் சீட்டு உறுதியாகாமல் புறப்படுதல் தகாது. மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. நள்ளிரவு 12 மணிக்குப் பின் மதுரையை விட்டுப் புறப்படும் வண்டிகளுக்குச் சீட்டில் உள்ள நாளுக்கு முந்தைய இரவே நிலையத்துக்குச் செல்லவேண்டும் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். உசிலம்பட்டி, சேடபட்டி, எழுமலைப் பகுதியினர் அதற்கேற்ப மாலைப் பேருந்திலேயே மதுரை சென்று சேர்தல் பாதுகாப்பானது.

இரு இரவுப் பயணத்தில் முதல்நாளுக்குப் புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, சப்பாத்தி போன்ற கெடாத கட்டுச்சோற்றைக் கொண்டுசெல்வது தமிழகப் பயணிகளின் வழக்கம். இரண்டாம் நாளுக்கு வண்டியில் கிடைக்கும் உணவை நாடலாம்.

வானூர்தி

மதுரை வானூர்தி நிலையத்திலிருந்து சென்னை, பெங்களூர் முதலிய நகரங்கள் வழியாகத் தில்லி செல்லலாம். இதனால் நான்கு நாட்கள் மிச்சமாகின்றன. ஒருவழி தொடர்வண்டி, மறுவழி வானூர்தி எனப் பிரித்துக்கொள்வோரும் உளர். தில்லி இந்திரா காந்தி பன்னாட்டு வானூர்தி நிலையத்திலிருந்து புது தில்லி தொடர்வண்டி நிலையத்துக்கு 2011 இல் தொடங்கப்பட்ட வானூர்தி நிலைய மெட்ரோ வழித்தடம் உண்டு.

குழுச் சுற்றுலா

மதுரையிலுள்ள பயண முகவர்கள் தில்லி, ஆக்ரா, அரித்துவார், காசி ஆகியவற்றை இணைத்துக் குழுச் சுற்றுலாக்களை நடத்துகின்றனர். இந்திய இரயில்வே 2021 நவம்பரில் அறிவித்த பாரத் கௌரவ் திட்டத்தின் கீழும் சுற்றுலாத் தொடர்வண்டிகள் இயக்கப்படுகின்றன. தமிழ்ச் சமையலும் வழிகாட்டியும் அமைவதால் முதியோருக்கு இவை வசதியானவை. எனினும் பல ஊர்களுள் ஒன்றாகவே தில்லி இடம்பெறுவதால், நகருக்கென ஒதுக்கப்படும் நேரம் குறைவு. பணம் கட்டுமுன் தில்லிக்கு எத்தனை முழு நாட்கள், எந்தக் கிழமை, நுழைவுக் கட்டணம் உட்பட்டதா என்பனவற்றை எழுத்தில் பெறுதல் நன்று.

மத்திய அரசு ஊழியர்கள் நான்காண்டுக் காலப்பிரிவில் ஒருமுறை இந்தியாவின் எப்பகுதிக்கும் சென்றுவர விடுப்புப் பயணச் சலுகை பெறுகின்றனர்.

கிழமையின் முதன்மை

தில்லியின் பார்வையிடங்கள் பலவற்றுக்குத் திங்கட்கிழமை விடுமுறையாகும்.

* திங்கட்கிழமை மூடப்படுபவை: செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், தேசிய இரயில் அருங்காட்சியகம், காந்தி சமிருதி, பிரதமர்கள் அருங்காட்சியகம், தாமரைக் கோயில், அட்சரதாம் கோயில்.
* வெள்ளிக்கிழமை மூடப்படுபவை: தில்லி விலங்குக் காட்சிச்சாலை, ஆக்ராவிலுள்ள தாஜ்மகால்.
* எல்லா நாட்களும் திறந்திருப்பவை: குதுப் மினார், உமாயூன் சமாதி, இந்தியா கேட், பங்களா சாகிப் குருத்துவாரா.

ஜாமா பள்ளிவாசலில் தொழுகை நேரங்களில், குறிப்பாக வெள்ளிக்கிழமை நண்பகலில், சுற்றுலாப் பயணியர் அனுமதிக்கப்படுவதில்லை. திங்களன்று தில்லியில் பெரும்பாலானவை மூடப்படுவதாலும், தாஜ்மகால் அன்று திறந்திருப்பதாலும், திங்கட்கிழமையை ஆக்ராவுக்கு ஒதுக்குவது பொருத்தமான ஏற்பாடாகும். ஞாயிறு மாலை வந்து செவ்வாய்க் காலை திரும்பும் குறுகிய பயணத் திட்டங்கள் இக்காரணத்தால் பயனற்றுப் போகின்றன.

பாதுகாப்புக் காரணங்களால் எதிர்பாராத மூடல்களும் நிகழ்வதுண்டு. 2025 நவம்பர் 10 அன்று செங்கோட்டை அருகே நிகழ்ந்த கார் வெடிப்பை அடுத்துக் கோட்டை சில நாட்கள் மூடப்பட்டிருந்தது. ஒவ்வொரு நாளுக்கும் மாற்று இடம் ஒன்றை முன்கூட்டியே குறித்துவைத்தல் வேண்டும்.

பகுதிவாரியாகப் பார்வையிடங்கள்

தில்லி என்பது ஒரே நகரன்று. வெவ்வேறு காலத்து அரசர்கள் வெவ்வேறு இடங்களில் எழுப்பிய தலைநகரங்களின் தொகுதியாகும். தெற்கில் மெகரௌலி, வடக்கில் சாசகானாபாத் எனும் பழைய தில்லி, நடுவில் பிரித்தானியர் கட்டிய புது தில்லி ஆகியன ஒன்றிலிருந்து ஒன்று பல கி.மீ. தொலைவில் உள்ளன. எனவே ஒரு நாளுக்கு ஒரு பகுதி என வகுத்துக்கொள்ளல் சிறந்தது.

தெற்குத் தில்லி

குதுப் மினார் சுமார் 73 மீட்டர் உயரமுடைய கோபுரமாகும். குத்புதீன் ஐபக் இதனைத் தொடங்க, இல்த்துத்மிசு தொடர்ந்து கட்டினார். 14 ஆம் நூற்றாண்டில் பிரோசு சா துக்ளக் மேல்நிலைகளைப் புதுப்பித்தார். வளாகத்திலுள்ள துருப்பிடிக்காத இரும்புத்தூண் குப்தர் காலத்தது. இவ்வளாகம் 1993 இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது.

மதுரை வரலாற்றோடும் இவ்வளாகத்துக்குத் தொடர்புண்டு. இங்குள்ள அலாய் தர்வாசா எனும் வாயில் அலாவுதீன் கில்சியால் 1311 இல் கட்டப்பட்டது. அதே 1311 இல்தான் அவருடைய படைத்தலைவர் மாலிக் கபூர் மதுரை மீது படையெடுத்தார். அலாவுதீனின் கல்லறையும் இவ்வளாகத்திலேயே உள்ளது. பின்னர் தில்லியின் துக்ளக் ஆட்சியிலிருந்து பிரிந்தே மதுரைச் சுல்தானகம் 14 ஆம் நூற்றாண்டில் தோன்றியது.

1986 இல் திறக்கப்பட்ட பகாய் சமயத்தினரின் தாமரைக் கோயில், ஆர்.கே.புரத்திலுள்ள உத்தர சுவாமிமலைக் கோயில் ஆகியனவும் தெற்குத் தில்லியில் அமைந்தவை. இவை மூன்றையும் மெட்ரோவின் மஞ்சள், மெசந்தா வழித்தடங்களைப் பயன்படுத்தி ஒரே நாளில் காணலாம். இரு வழித்தடங்களும் அவுசு காசு நிலையத்தில் சந்திக்கின்றன.

பழைய தில்லி

செங்கோட்டை முகலாயப் பேரரசர் சாசகானால் 1639 முதல் 1648 வரை கட்டப்பட்டது. ஆண்டுதோறும் விடுதலை நாளில் பிரதமர் கொடியேற்றுவது இங்குதான். 2007 இல் உலகப் பாரம்பரியக் களமாயிற்று. இதன் எதிரே தொடங்கும் சாந்தினி சௌக் கடைத்தெரு சாசகானின் மகள் சகானாராவால் அமைக்கப்பட்டது. 1675 இல் குரு தேக் பகதூர் கொல்லப்பட்ட இடத்தில் எழுந்த சீசு கஞ்சு குருத்துவாரா இத்தெருவில் உள்ளது. ஜாமா பள்ளிவாசல் நடந்து செல்லும் தொலைவிலுள்ளது. விசயதசமியை ஒட்டி வருவோர் செங்கோட்டை மைதானத்தில் நடைபெறும் இராமலீலாவையும், இராவணன் உருவப் பொம்மை எரிக்கப்படுவதையும் காணலாம். தமிழ்நாட்டில் ஆயுதபூசையாகக் கொண்டாடப்படும் விழாவின் வடநாட்டு வடிவம் இது. ஆயினும் நெரிசல் மிகுதி.

காந்தியடிகளின் உடல் எரியூட்டப்பட்ட ராஜ்காட் இப்பகுதியை ஒட்டி யமுனைப் பக்கம் அமைந்துள்ளது. அக்டோபர் 2 அன்று காலையில் தலைவர்கள் அஞ்சலி செலுத்துவதால் பொதுமக்கள் அன்று பிற்பகலில் செல்லலாம்.

புது தில்லி

42 மீட்டர் உயரமுள்ள இந்தியா கேட் முதல் உலகப் போர் முதலியவற்றில் இறந்த இந்தியப் படைவீரர்களுக்காக எழுப்பப்பட்டு 1931 இல் திறக்கப்பட்டது. அதனருகே 2019 பிப்ரவரி 25 அன்று தேசியப் போர் நினைவிடம் திறந்து வைக்கப்பட்டது. இங்குள்ள சுவர்களில் விடுதலைக்குப்பின் வீரமரணம் எய்திய படைவீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. படைப்பணியில் உறவினரை இழந்த குடும்பத்தினர் அப்பெயர்களைத் தேடிக் காண்பதற்கெனவே இங்கு வருவதுண்டு. ராஜபாதை எனப்பட்ட சாலை 2022 செப்டம்பரில் கடமைப் பாதை எனும் பொருள்பட கர்த்தவ்ய பாதை எனப் பெயர் மாற்றப்பட்டது.

தேசிய அருங்காட்சியகத்தில் மொகஞ்சதாரோவில் கண்டெடுக்கப்பட்ட நடனமங்கை சிலையும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் உள்ளன. சாணக்கியபுரியிலுள்ள தேசிய இரயில் அருங்காட்சியகம் 1977 இல் திறக்கப்பட்டது. போடி மீட்டர் பாதையை நினைவிற்கொண்ட முதியவர்களுக்கும், அதனைக் கண்டிராத பிள்ளைகளுக்கும் இங்குள்ள பழைய எஞ்சின்கள் விருப்பமூட்டுவன.

காந்தி சமிருதி எனப்படும் பழைய பிர்லா மாளிகையில் 1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் இறுதியாக நடந்து சென்ற வழி அங்குக் குறிக்கப்பட்டுள்ளது. அன்று அவர் அணிந்திருந்த குருதிக்கறை படிந்த ஆடையின் பகுதி மதுரை காந்தி நினைவு அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. 1921 செப்டம்பர் 22 அன்று அவர் அரையாடை பூண்டதும் மதுரையிலேயே. தில்லி செல்லுமுன் பிள்ளைகளுக்கு மதுரை அருங்காட்சியகத்தைக் காட்டுதல் இவ்விடத்தின் பொருளை விளங்கச் செய்யும்.

நாடாளுமன்றம்

புதிய நாடாளுமன்றக் கட்டடம் 2023 மே 28 அன்று திறந்து வைக்கப்பட்டது. 1947 ஆகஸ்ட் 14 அன்று திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் நேருவிடம் அளிக்கப்பட்ட செங்கோல் மக்களவையில் நிறுவப்பட்டது. இந்நிகழ்வில் மதுரை ஆதீனம் உள்ளிட்ட தமிழக ஆதீனங்கள் கலந்துகொண்டனர். பசும்பொன் உ. முத்துராமலிங்கத் தேவரின் சிலை 2002 இல் நாடாளுமன்ற வளாகத்தில் திறக்கப்பட்டது. அவையைப் பார்வையிட விரும்புவோர் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் பரிந்துரையுடன் முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும். உசிலம்பட்டி சட்டமன்றத் தொகுதி தேனி மக்களவைத் தொகுதியில் அடங்குகிறது. எனவே இவ்வூரார் பொதுவாகத் தேனி உறுப்பினரின் அலுவலகத்தை அணுகவேண்டும். கூட்டத்தொடர் நடைபெறும் நாட்களை அறிந்து, அடையாள அட்டைகளுடன் புறப்படுமுன்பே விண்ணப்பித்தல் நன்று.

நிசாமுத்தீன் பகுதி

உமாயூன் சமாதி அவருடைய மனைவி பேகா பேகத்தின் முயற்சியால் 1570 ஆம் ஆண்டளவில் கட்டி முடிக்கப்பட்டது. பின்னாளில் தாஜ்மகாலுக்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது. இதனையொட்டி 2024 ஜூலையில் நிலத்தடி அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. மதுரை வண்டிகள் புறப்படும் அசரத் நிசாமுத்தீன் நிலையம் அருகிலிருப்பதால், இதனைத் திரும்பும் நாளுக்கு ஒதுக்கிவைப்பது பயணநேரத்தை மிச்சப்படுத்தும்.

தில்லியில் தமிழ்ச் சூழல்

* தில்லித் தமிழ்ச் சங்கம்: 1946 இல் தோன்றியது. ஆர்.கே.புரத்தில் அமைந்துள்ளது. வளாகத்தில் திருவள்ளுவர் சிலை உண்டு.
* உத்தர சுவாமிமலைக் கோயில்: மக்களால் மலை மந்திர் என அழைக்கப்படும் முருகன் கோயில். 1973 இல் குடமுழுக்குக் கண்டது. இங்குள்ள மீனாட்சி, சுந்தரேசுவரர் சன்னதிகள் பாண்டியர் கட்டடக்கலைச் சாயலில் அமைந்தவை. தமிழகக் கோயில்களைப் போன்றே நண்பகலில் நடை சாத்தப்படுவதால் மாலையில் செல்லலாம்.
* தமிழ்நாடு இல்லம்: சாணக்கியபுரியில் வைகை, பொதிகை என்னும் பெயர்களில் அமைந்தது. அறைகள் முதன்மையாக அரசு அலுவலர், மக்கள் பிரதிநிதிகள் ஆகியோருக்கானவை. ஏனையோர் இதனை நம்பிப் பயணத்தை வகுத்தல் தகாது.
* தில்லித் தமிழ்க் கல்விக் கழகம்: நகரில் ஏழு பள்ளிகளை நடத்துகிறது.
* சாலைகள்: சுப்பிரமணிய பாரதி, காமராசர் ஆகியோர் பெயரில் புது தில்லியில் சாலைகள் உள்ளன. பாரதியார் 1904 இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராகப் பணியாற்றியவர்.

தங்குமிடம், உணவு, உள்ளூர்ப் போக்குவரத்து

புது தில்லி நிலையத்தை ஒட்டிய பகார்கஞ்சு, அதற்கு மேற்கேயுள்ள கரோல்பாக்கு ஆகியன நடுத்தரக் குடும்பங்கள் தங்கும் பகுதிகள். மெட்ரோ நிலையத்துக்கு நடந்துசெல்லும் தொலைவில் அறை எடுப்பது, வாடகை சற்றுக் கூடினாலும், ஆட்டோச் செலவைக் கருதுங்கால் இலாபமானது. தென்னிந்திய உணவகங்கள் கன்னாட்டுப் பிளேசு, கரோல்பாக்கு, ஆர்.கே.புரம் பகுதிகளில் கிடைக்கின்றன. பங்களா சாகிப் குருத்துவாராவில் சமய வேறுபாடின்றி அனைவருக்கும் இலவச உணவு வழங்கப்படுகிறது. ஆண், பெண் இருபாலரும் தலையைத் துணியால் மூடி உள்ளே செல்லவேண்டும்.

2002 டிசம்பரில் தொடங்கப்பட்ட தில்லி மெட்ரோ பார்வையிடங்கள் பெரும்பாலானவற்றை இணைக்கிறது.

* செங்கோட்டை: லால் கிலா நிலையம் (ஊதா வழித்தடம்)
* சாந்தினி சௌக்: சாந்தினி சௌக் நிலையம் (மஞ்சள்)
* குதுப் மினார்: குதுப் மினார் நிலையம் (மஞ்சள்)
* தாமரைக் கோயில்: கல்காஜி மந்திர் நிலையம் (ஊதா, மெசந்தா)
* அட்சரதாம்: அட்சரதாம் நிலையம் (நீலம்)
* உமாயூன் சமாதி: ஜவகர்லால் நேரு விளையாட்டரங்க நிலையம் (ஊதா), அங்கிருந்து ஆட்டோ

அட்சரதாம் கோயிலுக்குள் கைப்பேசி, படக்கருவி, பை ஆகியன அனுமதிக்கப்படுவதில்லை. அவற்றை வாயிலில் ஒப்படைக்கவேண்டும். குழுவினர் பிரிந்தால் கைப்பேசியின்றித் தேட நேரிடுமாதலால், உள்ளே செல்லுமுன் சந்திக்கும் இடத்தை உறுதி செய்துகொள்ளல் வேண்டும்.

எச்சரிக்கைகள்

புது தில்லி நிலையத்தைச் சுற்றித் தரகர்கள் நடமாடுகின்றனர். "உங்கள் விடுதி மூடப்பட்டுவிட்டது", "சீட்டு ரத்தாகிவிட்டது" எனக் கூறி, அரசுச் சுற்றுலா அலுவலகம் போலத் தோற்றமளிக்கும் தனியார் கடைக்கு அழைத்துச் செல்வது இவர்களது உத்தி. வண்டியின் நிலையை நிலைய விசாரணை அறையிலும், விடுதியின் நிலையைத் தொலைபேசியிலும் நேரில் உறுதிசெய்தல் வேண்டும். நிலையங்களில் காவல்துறையின் முன்பணம் செலுத்தும் ஆட்டோ நிலையங்களைப் பயன்படுத்துதல் நன்று.

சில இந்திச் சொற்கள் பயன்தரும்.

* கித்னா - எவ்வளவு
* கஹான் - எங்கே
* சீதா - நேராக
* தாயேன் - வலப்புறம்
* பாயேன் - இடப்புறம்
* பானி - தண்ணீர்
* பந்த் - மூடப்பட்டது

மாதிரித் திட்டம்

காலாண்டு விடுமுறைக்கான ஒன்பது நாள் திட்டம் ஒன்று கீழே தரப்படுகிறது. வண்டி புறப்படும் கிழமைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

* முதல் இரு நாட்கள்: மதுரையிலிருந்து தொடர்வண்டிப் பயணம். வியாழன் இரவுக்குள் தில்லி சேர்தல்.
* வெள்ளி: குதுப் மினார், தாமரைக் கோயில், மாலையில் உத்தர சுவாமிமலை.
* சனி: செங்கோட்டை, சாந்தினி சௌக், ஜாமா பள்ளிவாசல், ராஜ்காட்.
* ஞாயிறு: தேசிய அருங்காட்சியகம், காந்தி சமிருதி, மாலையில் போர் நினைவிடம், இந்தியா கேட்.
* திங்கள்: ஆக்ரா. அசரத் நிசாமுத்தீனிலிருந்து 2016 முதல் இயக்கப்படும் கதிமான் விரைவுவண்டி சுமார் 100 நிமிடங்களில் ஆக்ராவை அடைகிறது.
* செவ்வாய்: உமாயூன் சமாதி. பின்னர் மதுரை வண்டி.
* கடைசி இரு நாட்கள்: திரும்பும் பயணம்.

முதியோர் உடன் வந்தால் ஒரு நாளுக்கு இரண்டு இடங்களுக்கு மேல் வைத்தல் கூடாது. இத்திட்டத்தில் ஒன்றைக் குறைக்கவேண்டின் தாமரைக் கோயிலைக் குறைக்கலாம். ஆக்ராவை விலக்கினால் திங்களன்று குருத்துவாரா, கடைத்தெருக்கள் எனத் தங்கி ஓய்வெடுக்கலாம். சென்னை வழியாகத் தமிழ்நாடு விரைவுவண்டியில் செல்வோர், அவ்வண்டி ஆக்ரா கண்டோன்மென்ட் நிலையத்தில் நிற்பதால், ஆக்ராவரை மட்டும் சீட்டு எடுத்துத் தாஜ்மகாலை முதலில் கண்டு, பின்னர் தனிச்சீட்டில் தில்லி செல்லலாம். அவர்கள் ஆக்ரா சேரும் நாள் வெள்ளிக்கிழமையாக அமையாதவாறு பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* தில்லி
* புது தில்லி
* உசிலம்பட்டி
* செங்கோட்டை
* குதுப் மினார்
* தில்லி மெட்ரோ
* தில்லித் தமிழ்ச் சங்கம்
* காந்தி நினைவு அருங்காட்சியகம், மதுரை

பகுப்புகள்: தில்லி | இந்தியாவில் சுற்றுலா | மதுரை மாவட்டம்